வீரையாண்ணனின் மூக்கும் ஷோயு ஜாடியும்

அவிசாவளையில் என் தையல் மிஷினில் ஒரு சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். தெஹியோவிட்டப் பக்கமிருந்து மத்தியான பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் இறங்கி நேரே என் வாசலுக்கு வந்து, "அக்கே, அய்யாகே கடே கினிகத்தா," என்றான். அண்ணன் கடை தீப்பிடித்துவிட்டது என்கிறான். ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். மிஷினை அப்படியே போட்டுவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன்.

நான் போய் இறங்கியபோது தென்னங்கிடுகுக் கூரை முழுவதும் சாம்பலாகியிருந்தது. பக்கத்து ரப்பர் ஷீட் கிட்டங்கியில் பிடித்த தீயாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்திய நேரம். புகை நாற்றம் வந்ததும் அந்த வரிசையில் இருந்த பேரெல்லாம் தெருவுக்கு ஓடி வந்துவிட்டார்கள். அவர் மட்டும் பின்கட்டில் புகைபோக்கி அடியில் சோறு வடித்துக்கொண்டே நின்றிருக்கிறார். கூரை விழுந்த பிறகுதான் ஆளைக் காணோமே என்று இவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. சாக்குப் போட்டு மூடி ரோட்டோரம் கிடத்தியிருந்தார்கள். விரல்கள் கோணிய அந்த வலது கை மட்டும் வெளியே கிடந்தது.

சாக்கைச் சுற்றி நின்றவர்கள் பேசியதை என் காதால் கேட்டேன். "அந்த மூக்குக்காரனுக்கா புகை தெரியாமப் போச்சு? நல்லாக் குடிச்சிட்டுக் கெடந்திருப்பான்," என்றான் ஒருவன். "குடிக்கல்லாம் இல்ல. இவனே வச்சிருப்பான் தீய. அசிட் ஊத்துன கைதானே," என்றான் இன்னொருவன். இந்த இரண்டாமவனை நான் செருப்பைக் கழற்றி வாயிலேயே அடித்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. இன்று பதினாறாம் நாள். அடித்ததற்கு இதுவரை வருத்தப்படவில்லை.

வீரையாண்ணன் குடித்ததில்லை. தீ வைக்கவில்லை. துரையைக் கொல்ல அசிட் ஊற்றவும் இல்லை. அவருக்கு மூக்கு வேலை செய்யாது. பன்னிரண்டு வருஷமாக வேலை செய்யவில்லை. மல்லிகையும் மாட்டுச் சாணமும் அவருக்கு ஒன்றுதான். இது தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்தி. தான் உயிரோடு இருக்கிறவரை வாயைத் திறக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இப்போது அவர் உயிரோடு இல்லை. கருமாதிக்கு வந்திருப்பவர்கள் முதலில் இதைக் கேளுங்கள். பிறகு கை நனைக்கலாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கும் ரப்பர் தோட்டத்துப் பங்களாவில் அவர் முன்பு சமையல் பார்த்த குசினிக்காரர். அதே பங்களாவில் துரையின் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா நான். பெயர் அருளாயி. மடத்துச் சிஸ்டர்கள் எழுத்துச் சொல்லிக்கொடுத்ததால் இதை நானே எழுதி வந்து வாசிக்கிறேன். அவர் எனக்கு உடன்பிறந்த அண்ணன் இல்லை. எப்படி அண்ணன் ஆனார் என்றால், நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் அவர் குசினியில் கேட்காமல் பால் எடுத்தேன். கொதிக்கிற குழம்பிலிருந்து அகப்பையை உருவி என்மேல் வீசினார். முழங்கையில் பட்டுத் தோல் உரிந்தது. நான் தேங்காய் துருவியைத் தூக்கி அவர் மேல் எறிந்தேன். கணுக்காலில் பட்டு ஒரு வாரம் நொண்டினார். அதற்குப் பிறகு எனக்குத் தனியாகப் பால் எடுத்து வைப்பார். "என்னைத் திருப்பி அடிச்ச ஒரே ஆளு நீதான் தங்கச்சி," என்பார்.

அவ்வளவு கோபக்காரர். தண்ணீர் தூக்குகிறவனைக் குடத்தாலேயே அடித்தவர். பெரிய கங்காணி குசினிக்குள் சுருட்டோடு வந்தபோது சுருட்டைப் பிடுங்கி அவர் தலைப்பாகையிலேயே அணைத்தவர். கங்காணி அதை ஒரு நாளும் மறக்கவில்லை. இத்தனைக்கும் துரை கை ஓங்கினால் மட்டும் இவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். துரை வாரத்துக்கு இரண்டு தடவையாவது அடிப்பார். தோட்டத்தில் அடி அப்படித்தான் மேலிருந்து கீழே வரும், வீரையாண்ணன் வாங்கியதைக் கீழே இருக்கிறவனுக்குக் கொடுத்துவிடுவார்.

ஆனால் துரைக்கு அவர் மூக்கின்மேல் பெருமை. விருந்தாளி வந்தால் இவர் கண்ணைத் துணியால் கட்டி, ஐந்து முட்டையை ஓட்டோடு மூக்குக்கு நேரே நீட்டி, எது கெட்டது என்று கேட்பார். இவர் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இலங்கையிலேயே இப்படி ஒரு மூக்கு இல்லை என்று துரை மேசையைத் தட்டிச் சொல்வார். நாய்க்கு வித்தை காட்டுகிற மாதிரிதான். ஆனாலும் அண்ணனுக்கு அதில் உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது, எனக்குத் தெரியும்.

ரப்பர் விலை ஏறிக் கிடந்த அந்த வருஷம் துரை ஜப்பான்காரர்களுக்கு நேரே ரப்பர் விற்கலாம் என்று குடும்பத்தோடு ஆறு மாதத்துக்குக் கோபே பட்டணம் போனார். துரைசானிக்கு வேறு சமையல் ஆகாது என்பதால் வீரையாண்ணனையும், குழந்தைக்காக என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கப்பல் சிங்கப்பூர் தாண்டும்வரை நான் வாந்தி எடுத்தேன். அண்ணன் கப்பல் குசினிக்குள் புகுந்து சீனச் சமையல்காரனோடு அரிசி வடிப்பதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் மற்றவர் பாஷை தெரியாது. அது சண்டைக்கு ஒரு தடையாக இருக்கவில்லை.

கோபேயில் காலையில் சந்தைக்கு நானும் கூடப் போவேன். ஊதல் ஊதிக்கொண்டு தண்ணீருக்குள் வெள்ளையாக மிதக்கும் ஒரு கட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான் ஒருவன். அவரையை அரைத்துப் பாலெடுத்து உறைய வைத்ததாம். நாம் ரப்பர் பாலை உறைய வைக்கிறோம், இவன் அவரைப் பாலை உறைய வைத்துத் தின்கிறான் என்று அண்ணன் சிரித்தார். தவிட்டுக்குள் முள்ளங்கியைப் புதைத்து ஊறுகாய் போடுவார்கள். மீனைப் பச்சையாகச் சீவித் தின்பார்கள். ஒரு கடையில் மரக்கட்டை மாதிரி காய்ந்த மீன் தொங்கியது. அண்ணன் எடுத்து முகர்ந்துவிட்டு, "அருளாயி, இது நம்ம மாசி," என்று கத்தினார். கடைக்காரர் அதைத் தச்சன் இழைப்புளி போன்ற ஒரு பெட்டியில் சீவி, கொதிநீரில் போட்டு, தண்ணீரை எடுத்துக்கொண்டு மாசியை வடிகட்டி ஒதுக்கினார். அண்ணனுக்கு வயிறு எரிந்துவிட்டது. "அடப்பாவி, தண்ணியக் குடிச்சிட்டு மாசியத் தூக்கிப் போடுறானே," என்று கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு இன்னொரு வாய் கேட்டார்.

ஒன்றை மட்டும் அவர் கிட்டேயே சேர்க்கவில்லை. அதுதான் ஷோயு. அவரையையும் கோதுமையையும் அவித்து வறுத்துப் பூசணம் பிடிக்க வைத்து, உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்கில் ஊறப் போட்டுப் பிழிகிற கறுப்புச் சாறு. சோற்றுக்கு, மீனுக்கு, கீரைக்கு, எல்லாவற்றுக்கும் அந்த ஊரில் அதுதான். தெருவெல்லாம் அந்த வாடைதான். அண்ணன் துவாலையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போவார். "கருவாட்டுக் கழுநீரு," என்பார்.

ஒரு நாள் ரப்பர் வாங்க வந்த மூன்று ஜப்பான் கனவான்களுக்குத் துரை வீட்டில் விருந்து வைத்தார். அண்ணன் மாட்டுத் தொடையை வாட்டி, குழம்பு வைத்து, உருளைக்கிழங்கு பொரித்திருந்தார். அவர்கள் மரியாதையாகக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் அந்த வீட்டு ஜப்பான் வேலைக்காரப் பெண்ணிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவள் ஷோயுக் குப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் இறைச்சிமேல் நாலு சொட்டு விட்டுச் சாப்பிட்டு, முகம் மலர்ந்து, இன்னும் இரண்டு துண்டு வாங்கிக்கொண்டார். மற்ற இருவரும் அப்படியே செய்தார்கள். அவர்கள் பாராட்டாகத்தான் சாப்பிட்டார்கள். துரைக்கு அது அவமானமாகிவிட்டது. தன் வீட்டுச் சமையலை வாயில் வைக்க முடியாமல் விருந்தாளி கடைச்சரக்கு ஊற்றித் தின்றான் என்று அவருக்குப் பட்டது.

அவர்கள் வண்டி ஏறியதும் துரை குசினிக்கு வந்தார். குத்திய முதல் குத்திலேயே அண்ணன் பின்பக்கமாகச் சாய்ந்தார். வாசலில் கருங்கல் படி. பிடரி அதன் விளிம்பில் மோதிய சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. காதிலிருந்தும் மூக்கிலிருந்தும் ரத்தம் வந்தது. துரை இன்னொரு தடவை விலாவில் உதைத்துவிட்டுக் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு போனார். நானும் அந்த வேலைக்காரப் பெண்ணுமாகத் தூக்கி உட்கார வைத்தோம். காலையில் அவர் எழுந்து துரைக்கு முட்டை பொரித்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் பால் பொங்கி அடிபிடித்துக் கருகியது. மாடியில் இருந்த எனக்கு நாற்றம் வந்து ஓடி வந்தேன். அண்ணன் அடுப்புக்கு ஒரு முழத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் அரிந்துகொண்டிருக்கிறார். நான் கத்தியதும் திரும்பினார். சட்டியைப் பார்த்தார். மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு ஊரிலிருந்து கொண்டுவந்த பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கோடு அழுத்தினார். அப்படியே தரையில் உட்கார்ந்து தன் மூக்கைத் தானே குத்த ஆரம்பித்தார். குத்திக் குத்தி மறுபடி ரத்தம் வந்தது. நான் இரண்டு கையையும் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டேன். "போச்சு அருளாயி. ஒண்ணுமே இல்ல. சோறு மண்ணு மாதிரி இருக்குன்னு ரெண்டு நாளா நெனச்சேன்," என்றார்.

மூக்கில்லாத குசினிக்காரனைத் துரை என்ன செய்வார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அந்த ஊரிலேயே விட்டுவிட்டு வருவார். அன்று முதல் அவர் மூக்கு வேலையை நான் பார்த்தேன். மீனை, இறைச்சியை, நெய்யை, அடுப்பை எல்லாம் நான் வந்து முகர்ந்து கண்ணைக் காட்டுவேன். சரி என்றால் கண்ணை மூடித் திறப்பேன். துரை முட்டை வித்தை காட்டும்போதுகூடப் பின்னால் நின்று நான் இருமுவேன். நான்காவது முட்டைக்கு நான்கு இருமல். குழந்தையின் சளி எனக்கும் ஒட்டிக்கொண்டது என்று துரைசானி ஏசினார்.

இலையுதிர்காலத்தில் துரை குடும்பம் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றைப் பார்க்க ஷோதோ என்ற தீவுக்குப் படகில் போனது. குழந்தையையும் தூக்கிக்கொண்டு அவர்கள் மேலே போய்விட்டார்கள். எங்களைத் துறையில் பெட்டிகளோடு விட்டார்கள். அந்தத் தீவே ஷோயுப் பட்டறைகளின் தீவு. பெட்டிகளை அங்கேயே அடுக்கிவிட்டு நாங்களும் சுற்றிப் பார்க்கப் போனோம். ஒரு பட்டறைக்குள் ஆள் உயரத்தைவிடப் பெரிய மரப்பீப்பாய்கள் வரிசையாக நின்றன. மேலே பலகை போட்டு அதில் நின்றுகொண்டு நீளத் துடுப்பால் கலக்கிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒரு ஒல்லி மனிதன் உட்கார்ந்து ஆறிய சோறு தின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்துச் சிரித்து, ஒரு கவளத்தில் ஷோயு விட்டு அண்ணனிடம் நீட்டினான். அண்ணன் மறுக்க வெட்கப்பட்டு வாயில் போட்டார்.

மென்றவர் நின்றுவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "தங்கச்சி, நாக்குக்கு உசிர் வந்துருச்சு," என்றார். மூக்கு செத்தவருக்கு மசாலா எல்லாம் காரமாகவும் மரத்தூளாகவும்தான் இருந்தது. இது மட்டும் நாக்கிலேயே நின்றது. உப்பு, அதற்கு அடியில் ஒரு இனிப்பு, அதற்கும் அடியில் இறைச்சிச் சாறு மாதிரி ஒன்று என்று விரலை மடக்கிச் சொன்னார். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த மனிதர் பசியோடு சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குள் அங்கே ஒரு கங்காணி வந்துவிட்டான். எந்த ஊரானாலும் அந்த நடையே காட்டிக்கொடுத்துவிடும். வேலை நேரத்தில் சோறு தின்றதற்காக ஒல்லியானவனின் முதுகில் துடுப்புக் கட்டையால் இரண்டு போட்டான். மூன்றாவது அடி விழவில்லை. பதினாலு வருஷம் துரை அடித்தபோது கையைக் கட்டி நின்ற மனிதர் அந்தக் கட்டையைப் பிடுங்கிக் கங்காணியின் தோளில் இறக்கினார். இருவரும் கட்டிப் புரண்டார்கள். அவன் அண்ணன் காதைக் கடித்தான். நான் குடையால் அவன் தலையில் குத்தினேன். கடைசியில் எங்களைப் பிரித்து விலக்கியது வேறு யாருமில்லை, அந்த ஒல்லி மனிதன்தான். விலக்கியதோடு அண்ணன் கன்னத்தில் ஒரு அறையும் விட்டான். அவன் பிழைப்பில் நாங்கள் மண் போட்டுவிட்டோமே.

நாங்கள் துறைக்கு ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். படகு புறப்படும் நேரத்துக்கு அவன் ஓடி வந்தான். உதடு வீங்கியிருந்தது. வைக்கோல் கயிறு சுற்றிய ஒரு பழுப்புக் கல்ஜாடியை அண்ணன் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் போனான். ஜாடி நிறைய ஷோயு. படகில் அதை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் கேட்டார், "மூக்கு இருந்தப்பப் பொத்திக்கிட்டுப் போனேன். எப்படி மணக்கும் தங்கச்சி, சொல்லு." நான் கேலியாக, "ஒங்க வேட்டிய நாலு நாள் ஊறப் போட்ட மாதிரி," என்றேன். அவர் சிரித்தார். காதில் ரத்தம் காய்ந்திருந்தது.

ஊர் திரும்பும்போது கோபேயில் ஒரு பீப்பாயும் வாங்கி வந்தார். பங்களா குசினியில் ஜாடி மேல்தட்டில் இருக்கும், தீரத் தீரப் பீப்பாயிலிருந்து நிரப்புவார். கருவாட்டைச் சுட்டு ஷோயுவில் பிரட்டுவார். மரவள்ளிக்கிழங்குக்கு ஊற்றித் தருவார். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் அதை ஜப்பான் தண்ணி என்றார்கள். ஆச்சரியம், துரைக்கும் அது பிடித்துப்போனது. ஜப்பான்காரர்களிடம் ரப்பர் விற்ற பெருமையோ என்னவோ, ஆறின மாட்டிறைச்சிக்கு அது இல்லாமல் சாப்பிட மாட்டார். யாரை எதற்காக அடித்தோம் என்பது அவருக்கு ஞாபகமே இல்லை.

இனி வாசிக்கப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த வருஷம் துரைசானி நுவரெலியாவில் இருந்த ஒரு மாதத்தில் துரை என் அறைக் கதவைத் தட்டாமல் திறந்து வந்தார். ஒரு தடவை அல்ல. துரைசானி திரும்பி வந்து, விஷயம் தெரிந்து, வெள்ளிப் பிடி போட்ட தலைச்சீப்பால் என்னை முகத்தில் அடித்தார். அவரை அடிக்க முடியாது, என்னை அடித்தார். ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், சாக நினைக்கிற பெண் ஆற்றைத் தேடிப் போக வேண்டாம். பால் உறைய வைக்கிற அசிட் ஸ்டோரில் இருக்கிறது. நான் கொஞ்சம் எடுத்து வந்தேன். குழந்தை வளைய வரும் வீட்டில் கண்ணாடிப் போத்தலில் வைக்கப் பயந்து, மேல்தட்டு ஜாடியில் ஊற்றினேன். பீப்பாய் தீர்ந்துவிட்டது, ஜாடியும் காலி என்று அண்ணன் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். உண்மையில் அடியில் இரண்டு விரல் அளவுக்கு ஒளித்து வைத்திருந்தார். அது எனக்குத் தெரியாது. அசிட் கறுத்துப்போனதை நான் பார்க்கவும் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் திடீரென்று துரைசானி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறு, அவிசாவளை போகிறோம் என்றார். இரவு பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறினேன். அன்று மத்தியானம் குசினியில் முகர்ந்து பார்க்க நான் இல்லை. துரை காலையிலிருந்தே ஜின்னில் இருந்தார். இறைச்சிக்கு ஷோயு எங்கே என்று கத்தியிருக்கிறார். அண்ணன் ஒளித்து வைத்ததை எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். எதையும் ருசி பார்க்காமல் மேசைக்கு அனுப்பாதவர், அதை மட்டும் பார்த்ததில்லை. பார்த்தால் ஒரு சொட்டுக் குறையுமே என்பார். அசிட்டின் புளித்த நெடி வாசலில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. ஜின் போதையில் துரை ஒரு பெரிய கரண்டி அள்ளி வாயில் போட்டார்.

சாயங்காலம் நாங்கள் திரும்பியபோது துரையைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாக்கும் தொண்டையும் வெந்து, பேச்சுப் போய்விட்டது. அண்ணனைப் பங்களாவுக்குப் பின்னால் ரப்பர் மரத்தில் கட்டியிருந்தார்கள். பெரிய கங்காணியும் நாலு பேரும். கங்காணி தலைப்பாகையில் அணைத்த சுருட்டை மறந்திருக்கவில்லை. அம்மிக் குழவியை எடுத்து வந்து, வலது கை விரல்களைக் கல்லில் வைத்து மூன்றை நசுக்கியிருந்தார். பல் நாலு கீழே கிடந்தது. அண்ணன் ஒரு கண்ணால் என் முகத்துச் சீப்புக் காயத்தைப் பார்த்தார். அசிட் யாருடையது, எதற்காக என்று அப்போதே கணக்குப் போட்டுவிட்டார். நான் வாயைத் திறந்தேன். "தள்ளிப் போடி நாயே," என்று கத்தினார். அதுவரை என்னை அவர் 'டி' போட்டுப் பேசியதில்லை. எல்லாரும் என்னை ஒதுக்கி நிறுத்தினார்கள். அதற்காகத்தான் கத்தினார் என்பது எனக்கு உடனே விளங்கியது. விளங்கியும் பேசாமல் நின்றேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற நிமிஷம் அது.

கோர்ட்டில் ஜாடி மாறிவிட்டது, தெரியாமல் ஊற்றிவிட்டேன் என்ற ஒன்றையே சொன்னார். மூக்கு இல்லை என்று சொல்லியிருந்தால், ஜாடியில் அசிட் வைத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். துரைக்குப் பேச வராததால் ஒரு கடுதாசியில் எழுதிக் கொடுத்தார். இவனுக்கு இந்தத் தீவிலேயே சிறந்த மூக்கு, தெரியாமல் ஊற்ற வழியே இல்லை என்று. அதைப் படித்துவிட்டு நாலு வருஷம் கடின வேலை என்றார்கள். துரையிடமிருந்து அண்ணனுக்குக் கிடைத்த கடைசிப் பாராட்டு அது.

சிறைக்கு ஒரு தடவை போனேன். நானே போலீஸில் சொல்லப் போகிறேன் என்றேன். கம்பி வழியாக என் சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கி இழுத்தார், நெற்றி கம்பியில் முட்டியது. "நீ சாகல இல்ல? அது போதும் எனக்கு. இப்பச் சொன்னேன்னா நான் வாங்குன அடியெல்லாம் வீணாப் போயிரும். நான் உசிரோட இருக்கிற வரைக்கும் வாய் தொறக்காத," என்றார். கம்பியைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். எனக்கு வலித்தது. சத்தியம் கேட்ட பிறகே தலைப்பை விட்டார்.

வெளியே வந்து தெஹியோவிட்டக் கடைத்தெருவில் சோற்றுக்கடை போட்டார். சமையல்காரனைக் கோக்கி என்கிற நீங்கள் அசிட் கோக்கி கடை என்று பெயர் வைத்தீர்கள். அசிட் கோக்கியின் கருவாட்டுப் பிரட்டல் இல்லாமல் உங்களில் பாதிப் பேருக்குச் சோறு இறங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த ருசி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்துக் கடைக் காதர் நானா கொழும்புத் துறைமுகத்திலிருந்து எப்படியோ ஷோயுப் போத்தல் வாங்கி வந்து கொடுப்பார். நான் அடிக்கடி வரக் கூடாது, ஊர் சந்தேகப்படும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் அவர் வாரச் சாமானை எல்லாம் முகர்ந்து, கெட்டதைப் பொறுக்கிப் போட்டுவிட்டு வருவேன். தீப்பிடித்தது வியாழக்கிழமை.

இவ்வளவுதான் உண்மை. அந்த அசிட் என்னுடையது. எனக்கென்று வைத்தது. போலீஸ் வந்தால் வரட்டும், வீடு அவிசாவளையில்தான் இருக்கிறது. வீரையாண்ணன் கொலைகாரன் அல்ல, குடிகாரன் அல்ல. அவரைக் கொன்றது கோபேயில் ஒரு கருங்கல் படி. செத்து முடிக்கப் பன்னிரண்டு வருஷம் ஆனது. இனி யாராவது அசிட் கோக்கி என்ற பெயரைச் சொன்னால் செருப்பு இன்னும் என் காலில்தான் இருக்கிறது.

என்னிடம் அவருடையது என்று என்ன இருக்கிறது? முழங்கையில் அகப்பைத் தழும்பு இருக்கிறது. அப்புறம் ஒரு கேள்வி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் போத்தலை முகரும்போது, "எப்படி மணக்குது தங்கச்சி, ஒழுங்காச் சொல்லு," என்பார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கேலி சொல்லிவிட்டு வந்தேன். ஈர நாய் என்றேன். கங்காணி தலைப்பாகை என்றேன். அவர் கரண்டியை ஓங்குவார், நான் சிரித்துக்கொண்டே பஸ் ஏறுவேன். ஒழுங்காகச் சொல்ல அடுத்த வாரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று சாம்பலுக்குள் இரண்டு போத்தல் வெடித்துக் கிடந்தன. சூட்டில் சாறு கொதித்து அந்த வாசனை எழுந்தது. என்னமோ கருகுது என்று எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் பொத்தவில்லை. சாக்குக்குப் பக்கத்தில் குந்தி அவர் கோணல் விரல்களைப் பிடித்துக்கொண்டு நன்றாக முகர்ந்தேன்.

வீரையாண்ணே, இப்பச் சொல்றேன், கேட்டுக்கங்க. வெல்லம் காய்ச்சுற எடத்துல நெல்லு அவிச்ச மாதிரி இருக்கும். அதுக்குள்ள கொஞ்சம் கருவாடு சுட்ட மாதிரி. விடியக்காலையில பங்களாக் குசினியில நீங்க ரொட்டி சுடுவீங்களே, நான் கொழந்தையத் தூக்கிக்கிட்டுக் கதவுல வந்து நிப்பேனே, அப்படி. நல்லா இருக்கும்ணே. ரொம்ப நல்லா இருக்கும்.